கவரின் பின்பக்கம்

பூண்டியில் யாராவது விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டால் முதலில் மலையிறங்கிப் போவார்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து நல்லசாமியிடம் காட்டுவார்கள். கீழே டாக்டர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நல்லசாமி பார்த்துச் சொன்னால்தான் ஊருக்கு அது முறிவு. அதுவரைக்கும் வெறும் வலி.

இந்தப் பதவி அவருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கேரட் மூட்டை தூக்கும்போது முழங்கால் பிசகி, திண்டுக்கல்லில் ஒரு டாக்டர் அவருடைய எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பத்து நிமிஷம் பொறுமையாக விளக்கினார். அந்தப் பத்து நிமிஷத்தை நல்லசாமி ஊருக்கு வந்து மூன்று மாதம் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பரணிலும் பாய்க்கடியிலும் கிடந்த தங்கள் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துவர ஆரம்பித்தார்கள். அப்புறம் அவரே நினைத்தாலும் நிறுத்த முடிந்திருக்காது. அவர் நினைக்கவும் இல்லை.

கொடைக்கானலில் மூடிப்போன ஒரு காட்டேஜின் விளம்பரப் பெட்டியைப் பேரம் பேசி வாங்கிவந்து முன்னறைச் சுவரில் மாட்டினார். உள்ளே ட்யூப் லைட், மேலே பால் நிறத் தகடு. தகட்டில் இருந்த எழுத்தை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை. அதனால் பூண்டியில் யாருடைய எலும்பை மாட்டினாலும் அதற்குப் பின்னால் சிவப்பில் மங்கலாக ‘அறைகள் உண்டு’ என்று தெரியும். ஆரம்பத்தில் சிலர் பயந்தார்கள். பிறகு பழகிவிட்டது.

தீர்ப்புகள் மூன்றே மூன்று. ஐம்பது வயசைத் தாண்டியவர்களுக்கு ‘தேய்மானம்’. அதற்குக் கீழே ‘சுத்தம்’. வந்தவர் நொண்டிக்கொண்டே வந்தால் ‘லேசா ஒரு கோடு’. போன வருஷம் மணியன் தன் முழங்காலுக்கு எடுத்த ஸ்கேனைப் படமாக இல்லாமல் சிடியாகக் கொண்டுவந்தபோது, நல்லசாமி அசரவில்லை. வாசலுக்குப் போய் சிடியை வெயிலில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “நடுவுல வட்டமா ஒரு தேய்மானம் தெரியுதே” என்றார். மணியனுக்கு உடம்பு புல்லரித்துப்போனது.

பார்த்த படங்களை அவர் திருப்பிக் கொடுப்பதில்லை. “உங்க வீட்ல எலி கடிச்சிரும். என்கிட்ட இருக்கட்டும்” என்பார். இரும்பு பீரோவில் மூன்று தட்டு நிறையக் கவர்கள். பெண்ணெடுத்த ஆயக்குடிக்குப் போனால் மைத்துனர்களிடம், “எங்க ஊரு எலும்பு பூராவும் என் பீரோவுக்குள்ளதான் கெடக்கு” என்பார். அவர்கள் கொய்யாப்பழத்தை நறுக்கி வைத்துவிட்டு வேறு பேச்சுப் பேசுவார்கள்.

தைப் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலையில் தமிழ்மதி வந்து நின்றாள். கருப்பம்மாளின் மகள். பழனியில் விடுதியில் தங்கிப் படிக்கிறவள், பொங்கல் லீவுக்கு வந்திருந்தாள்.

“மாமா, அம்மாவோட பழைய எக்ஸ்ரே உங்ககிட்ட இருக்காமே? குடுங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“எதுக்குப் பாப்பா? அதான் சுத்தம்னு அன்னைக்கே சொல்லிட்டேனே.”

“படம் சுத்தமாத்தான் இருக்கும். கைதான் அப்பிடி இல்ல. நாலு மாசமா வீக்கம் வடியல. நேத்து குழம்புச் சட்டிய அடுப்பு மேலயே போட்டுருச்சு. டாக்டர் பழைய படத்தையும் கேப்பாங்க.”

“தேடி எடுத்து வைக்கிறேன்” என்றார் நல்லசாமி.

தேட வேண்டியதே இல்லை. இரண்டாம் தட்டில் இடது ஓரம், மேலிருந்து மூன்றாவது. நாலு மாதமாக பீரோவைத் திறக்கும்போதெல்லாம், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியைக் கல்யாண வீட்டில் பார்த்துவிட்டவர் மாதிரி, அந்த மூலைக்கு மட்டும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். புரட்டாசியில் அவருடைய காட்டில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஊரில் பூண்டு பிடுங்குகிற பெண்களுக்குத் தலைவி கருப்பம்மாள். அவள் வந்தால் பன்னிரண்டு பேர் வருவார்கள். வராவிட்டால் பன்னிரண்டு பேருக்கும் அன்றைக்கு வேறு சோலி இருக்கும். பாதிக் காடு முடிந்திருந்தபோது ஈரப் படியில் வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தாள். மறுநாள் மலையிறங்கிப் போய், கட்டைவிரலிலிருந்து முழங்கை வரைக்கும் அரை மாவுக்கட்டோடும் ஒரு படத்தோடும் வந்தாள்.

அன்று சாயங்காலம் விளக்குப் பெட்டிக்கு முன்னால் எட்டுப் பத்துப் பேர். வெளியே மேற்கே மேகம் திரண்டு கிடந்தது. மீதிப் பாதிக் காடு மண்ணுக்குள் இருந்தது. மழையில் நனைந்த பூண்டைச் சந்தையில் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

“அண்ணே, கவருக்குப் பின்னால என்னமோ எழுதியிருக்காங்க” என்றாள் கருப்பம்மாள். “திரும்ப வரணுமின்னு சிஸ்டரு சொன்ன மாதிரி இருந்துச்சு. கூட்டத்துல சரியாக் காதுல விழுகல. என்னன்னு பாருங்க.”

நல்லசாமி கவரைத் திருப்பினார். டாக்டர் எழுத்து புரியவில்லை என்று தப்பிக்கவும் வழியில்லை. பச்சை மையில், தமிழில், முத்து முத்தாக எழுதியிருந்தது. ‘முறிவு சந்தேகம். பத்து நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே அவசியம். கட்டைப் பிரிக்கக் கூடாது.’ அவசியம் என்ற வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு.

அவர் ஒருமுறை படத்தைப் பார்த்தார். ஒருமுறை ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்தார்.

“பேரு, வயசு எழுதியிருக்கான்” என்றார்.

“திரும்ப வரச் சொன்னதுண்ணே?”

“வரச் சொல்லத்தான் செய்வான். இன்னைக்கு எடுத்த படத்துல இல்லாத முறிவு, பத்து நாள் கழிச்சு எங்கருந்து மொளைக்கும்? எலும்புதானே அது, பூண்டா?”

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவரை இன்னும் ஒரு படி ஏற்றிவிட்டது. தாழ்வாரத்தில் சொருகியிருந்த பூண்டுத் தாள் அறுக்கிற அரிவாளை எடுத்துவந்து மாவுக்கட்டுத் துணியைத் தானே அறுத்தார். “சுத்தமான எலும்புக்கு எதுக்குச் சுண்ணாம்பு?” அதற்கும் சிரித்தார்கள். கருப்பம்மாள்கூடச் சிரித்தாள்.

மறுநாள் மணிக்கட்டில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு பன்னிரண்டு பேரோடு காட்டுக்கு வந்தாள். நாலு நாளில் மீதிப் பூண்டு முழுக்க வீடேறிவிட்டது. ஐந்தாம் நாள்தான் மழை கொட்டியது. ஒரு பல்கூட நனையவில்லை. அந்த ஐந்தாம் நாள் மழைச் சத்தத்தில் நல்லசாமிக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில் என்று மனைவி சிவபாக்கியம் நினைத்தாள்.

இப்போது பீரோவைத் திறந்து படத்தை உருவினார். கவரைத் தனியாக எடுத்தார். படத்தை ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் போட்டார். கவரை அடுப்பில் போட்டிருக்கலாம். ஆனால் அடுப்படியில் சிவபாக்கியம் இருந்தாள். அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி உண்டு. நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தார். அங்கேயும் தப்பவில்லை.

“என்னங்க அது சட்டைக்குள்ள, சரசரங்குது?”

“காகிதம். பனி நெஞ்சுல அடிக்காம இருக்க.”

“வீட்டுக்குள்ளயா பனி பெய்யுது?” என்றாள் அவள்.

படத்தைக் கொடுத்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் பையை வாங்கிக்கொண்ட கருப்பம்மாள், “நீங்களும் கூட வாங்கண்ணே. டாக்டரம்மா பேசறது எங்களுக்கு என்னத்தப் புரியப்போவுது? நீங்க இருந்தா ஒரு தைரியம்” என்றாள். ஒன்பது வருஷமாக இந்த வார்த்தைக்காகவே வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறவர் எப்படி மறுப்பார்? தவிரவும், அங்கே என்ன பேச்சு வருகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது நல்லது என்று பட்டது.

மறுநாள் வெள்ளனே முதல் பஸ். மன்னவனூர் தாண்டி, கொடைக்கானல் வந்து, பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தி, பழனிச் சாலை வழியாக மலையிறங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் உடம்பு சாயும்போது நெஞ்சில் அந்தக் கவர் சரசரத்தது. கருப்பம்மாள் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்திருந்தாள்.

பழனி ஆஸ்பத்திரி வராந்தாவில் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக்காரர்கள் வீங்கிய கணுக்காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். கருப்பம்மாளுக்கு முதலில் புதுசாக ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டுக் காலை டூட்டி டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். மத்தியானத்துக்கு மேல் முறை வந்தது.

ஸ்கேன் அறைக்கு முன்னால் பிரசாந்த் என்கிற டெக்னீஷியன். “உள்ள காந்தம். உடம்புல இரும்பு, நகை எதுவும் இருக்கக் கூடாதும்மா” என்றான்.

தோடு சுலபமாகக் கழன்றது. மூக்குத்திதான் வரவில்லை. கல்யாணத்துக்குப் போட்டது, இருபத்திரண்டு வருஷமாகக் கழற்றியதே இல்லை. தமிழ்மதி சோப்புத் தண்ணீர் போட்டுத் திருகினாள். “மூக்கப் பிச்சுராதடி, அப்புறம் அதுக்கு ஒரு படம் எடுக்கணும்” என்றாள் கருப்பம்மாள், கண்ணில் நீர் வழிய. கடைசியில் அது கழன்று வந்தது. தமிழ்மதி கை நீட்ட, அவள் கொடுக்கவில்லை. “நீ எங்கயாச்சும் போட்டுருவ.” நல்லசாமியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். “பத்திரம்ணே.”

கதவு சாத்தியதும் உள்ளே தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி சத்தம் ஆரம்பித்தது. தமிழ்மதி டாக்டர் சீட்டில் முத்திரை வாங்கப் போய்விட்டாள். வேலையைத் தொடங்கிவிட்டு வெளியே எட்டிப் பார்த்த பிரசாந்திடம் நல்லசாமி பழைய படத்தை நீட்டினார். பேசாமல் நீட்டியிருக்கலாம்.

“நாங்களும் இதே லைன்தான் தம்பி.”

“அப்பிடிங்களா? எந்த சென்டர் சார்?”

“பூண்டி.”

“பூண்டில ஸ்கேன் சென்டர் வந்துருச்சா?” பிரசாந்துக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

நல்லசாமி இருமினார். “மொதப் படத்துல முறிவே இல்லையே தம்பி, பாருங்க. சுத்தமா இருக்கு.”

“ஆமா சார், தெரியாது. கட்டைவிரலுக்குக் கீழ ஒரு சின்ன எலும்பு இருக்கு, அது இப்பிடித்தான். மொத நாள் படத்துல நல்ல புள்ளையாட்டம் உக்காந்திருக்கும். பத்து நாள் போனா ஒடஞ்ச ஓரம் கொஞ்சம் கரைஞ்சு, கோடு தெரிய வரும். அதுக்குத்தான் திரும்பக் கூப்பிடறது. அதுவரைக்கும் கட்ட மட்டும் பிரிக்காம இருந்தா, முக்காவாசி தானே கூடிரும்.” படத்தின் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். “கவர் எங்க சார்? அதுலதான் டாக்டர் எழுதுவாங்க.”

“எலி கடிச்சிருச்சு.”

“படத்த விட்டுட்டுக் கவர மட்டுமா?”

“எங்க ஊரு எலி” என்றார் நல்லசாமி. அந்தப் பதில் அவருக்கே வாயில் கசந்தது. பத்து நாளில் முளைக்கத்தான் செய்திருக்கிறது. மடக்கிய கைக்குள் மூக்குத்தியின் திருகு குத்திக்கொண்டிருந்தது. கையை விரிக்க அவருக்குத் தோன்றவில்லை.

டாக்டர் ஸ்வேதாவுக்கு முப்பது வயசுதான் இருக்கும். கம்ப்யூட்டரில் ஸ்கேனைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார். மேஜையில் ஒரு பச்சைப் பேனா கிடந்தது. நல்லசாமி முதலில் பார்த்தது அதைத்தான்.

“எலும்பு ரெண்டா இருக்கும்மா. ஒரு துண்டுக்கு ரத்த ஓட்டம் ரொம்பக் கம்மியா இருக்கு. நான்தானே கட்டுப் போட்டு அனுப்பினேன்? யாரு பிரிச்சது?”

கருப்பம்மாள் சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டாள்.

“நானே கைப்பட எழுதிக் குடுத்தேன், பத்து நாள்ல வாங்கன்னு. எழுதினதைப் படிக்கக்கூட மாட்டீங்களா?”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்கம்மா.”

“தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது காட்டக் கூடாதா? அவ்வளவு பெரிய ஊர்ல ஒருத்தர்கூடவா இல்ல? உங்க கை மேல உங்களுக்கே அக்கறை இல்லன்னா நாங்க என்ன பண்றது?”

நல்லசாமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லப்போகிறாள், இதோ இவருகிட்டதான் காட்டுனேன் என்று கையை நீட்டப்போகிறாள். நீட்டிவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது. ஒரு சண்டையாகப் போய்விடும். சண்டையில் அவர் பேசிக்கொள்வார்.

கருப்பம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “தப்புதாங்கம்மா” என்றாள், குனிந்தபடி. “எந் தப்புதான்.”

நல்லசாமி சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். இரண்டாவது பொத்தானையும் கழற்றினார். டாக்டர் நிமிர்ந்து, “உங்களுக்கு என்ன பண்ணுது?” என்றார். நெஞ்சுக்குள் கைவிட்டு, வேர்வையில் ஊறி நாலாக மடிந்த கவரை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

டாக்டர் பிரித்துப் பார்த்தார். பச்சை மை கொஞ்சம் பரவியிருந்தது. இரண்டு கோடு அப்படியே இருந்தது.

“இது ஏன் உங்க சட்டைக்குள்ள இருக்கு?”

“எங்கிட்டதாங்க காட்டுச்சு. நாந்தான் படிச்சேன். படிச்சிட்டு, பேரு வயசுன்னு சொன்னேன். கட்ட அறுத்ததும் நாந்தான்.”

“நீங்க யாரு?”

இந்தக் கேள்விக்கு ஒன்பது வருஷமாக அவரிடம் நாலைந்து பதில்கள் தயாராக இருந்தன.

“பூண்டு போடறேங்க” என்றார்.

“அப்போ அதை மட்டும் போடுங்க” என்றார் டாக்டர். அவ்வளவுதான். திட்டுவார், போலீஸைக் கூப்பிடுவார் என்றெல்லாம் எண்ணி நின்றிருந்தவருக்கு, அந்தம்மா அதற்குள் நாற்காலியைக் கருப்பம்மாள் பக்கம் திருப்பிக்கொண்டது என்னவோ போலிருந்தது. வாழ்க்கையில் அவர் சொன்ன பெரிய உண்மைக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. வெளியே நாற்பது கணுக்கால்கள் காத்திருந்தன.

“இடுப்பெலும்புல இருந்து கொஞ்சம் எடுத்து இங்க வச்சு, ஒரு ஸ்க்ரூ போடணும். அடுத்த வாரம் வந்து சேருங்க. அதுவரைக்கும் புதுசா ஒரு கட்டுப் போட்டு விடறேன். பழையபடி முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். வலி குறையும்.”

“அருவா பிடிக்கலாமாம்மா?”

டாக்டர் பச்சைப் பேனாவை எடுத்தார். “பார்ப்போம்” என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் தமிழ்மதி வாயைத் திறந்தாள். கருப்பம்மாள் அவளைக் கண்ணால் அடக்கினாள். நல்லசாமிக்கு முன்னால் வந்து இடது கையை நீட்டினாள்.

“மூக்குத்தியக் குடுங்க.”

அண்ணே என்று சொல்லவில்லை. அவர் விரலை விரித்தார். உள்ளங்கையில் திருகு அழுந்திய இடம் சிவந்திருந்தது. எடுத்துத் தமிழ்மதியிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அவர் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். பெருமாள்மலையில் இறங்கி மூன்று டீ வாங்கினார். தமிழ்மதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கருப்பம்மாள் வாங்கிக்கொண்டாள். பாதி குடித்த பிறகுதான் பேசினாள்.

“அன்னைக்குத் திரும்ப வரணுமின்னு சொன்னாங்கன்னுதான் நாஞ் சொன்னேன். பத்து நாளுன்னு நாஞ் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க.”

அவர் டம்ளரைப் பார்த்தார்.

“வீட்டுக்குப் போற வழியில நெனச்சேன், இவருக்கு எப்பிடிப் பத்து நாளுன்னு தெரியும்னு. அப்புறம், பெரிய மனுசரு, அவருக்குத் தெரியாமயா இருக்கும்னு விட்டுட்டேன்.” மீதி டீயைக் கீழே ஊற்றினாள். “பூண்டு நனையல இல்ல?”

“நனையல.”

“நல்லது” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாள் காலையில் அவர் முன்னறைக்கு வந்தபோது, மணியன் விளக்குப் பெட்டியின் ஸ்விட்சைத் தானே போட்டுவிட்டுக் காத்திருந்தான். கையில் புதுசாக இன்னொரு சிடி.

“எனக்குப் பாக்கத் தெரியாது மணியா” என்றார் நல்லசாமி.

“சும்மா இருங்கண்ணே.”

“நெசமாத்தான்டா. என்னைக்குமே தெரியாது.”

மணியன் நெகிழ்ந்துபோனான். “இந்தப் பணிவுதாண்ணே உங்ககிட்ட! கீழ இருக்கிற டாக்டருக எவனாச்சும் இப்பிடிச் சொல்லுவானா? போன தடவ வட்டமா இருக்குன்னு எம்புட்டு கரெக்ட்டாச் சொன்னீங்க!”

பொய்யை முதல் தடவையிலேயே நம்பியவர்கள், உண்மையை ஒன்பது தடவை சொன்னாலும் நம்ப மாட்டார்கள் போலிருந்தது. அந்த நேரத்தில் கருப்பம்மாளும் தமிழ்மதியும் உள்ளே வந்தார்கள். வலது கையில் புது மாவுக்கட்டு. மூக்குத்தி இல்லாத மூக்கு அவள் முகத்தை வேறு யாரோ போலக் காட்டியது.

“பீரோவத் தெறங்க” என்றாள்.

“உன் படந்தான் பையில போட்டுக் குடுத்துட்டேனே தாயி.”

“என்னது இல்ல. எல்லாத்தையும் எடுங்க.”

மூன்று தட்டுக் கவர்களையும் எடுத்துத் தரையில் வைத்தார். சிவபாக்கியம் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். பழக்க தோஷத்தில் நல்லசாமி பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, மேலே இருந்த கவரைத் திருப்பினார்.

“நீங்க படிக்க வேணாம்” என்றாள் கருப்பம்மாள். “தமிழு படிக்கட்டும்.”

தமிழ்மதி சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள். பேர், வயது. பேர், வயது. ஒன்றில் வெறும் தேதி. பேர், வயது என்று அவள் சத்தமாகப் படிக்கும்போதெல்லாம் நல்லசாமிக்கு மூச்சு வந்தது. உலகத்தில் இவ்வளவு இனிமையான வார்த்தைகள் இருப்பது அவருக்குத் தெரியாது. முப்பதுக்கு மேல் போன பிறகு, சதுரமான ஒரு சின்னக் கவரை எடுத்தாள். உள்ளே ஒரு சிடி ஆடியது. பின்பக்கம் பார்த்தாள். பேர், வயதுக்குக் கீழே இன்னும் மூன்று வரி இருந்தது.

“மணியன் சித்தப்பா, இது உங்களுது” என்றாள்.

“படி, படி” என்றான் மணியன். அவன் முகத்தில் அந்த நெகிழ்ச்சி இன்னும் மிச்சம் இருந்தது. “நம்ம அண்ணன் பாத்த படம்தான்.”

நல்லசாமி கண்ணாடியைக் கழற்றினார். விளக்குப் பெட்டியில் படம் எதுவும் இல்லை. ‘அறைகள் உண்டு’ என்று மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. தமிழ்மதி படிக்க ஆரம்பித்தாள்.